பூரி என்றால் எந்தப் பூரி? பெயரை நம்பி ஏமாறும் இடங்கள்

ஆண்டுதோறும் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ ஒடிசாவில் ஜகந்நாதர் தேர் ஓடும்போது, தமிழ்ச் செய்திகளில் அந்த ஊரின் பெயர் இரண்டு விதமாக வரும். ஓரிடத்தில் ‘புரி’, இன்னோரிடத்தில் ‘பூரி’. சில சமயம் தலைப்பில் பூரி, உள்ளே புரி. படிப்பவர்கள் பொருட்படுத்துவதில்லை. எப்படி எழுதினாலும் தேர் ஓடிவிடும். ஆனால் இதே கவனக்குறைவு ஓட்டல் பட்டியலிலும் சமையல் குறிப்பிலும் ஆன்மிகக் கட்டுரையிலும் நுழையும்போது, தட்டில் கேட்காத பண்டம் வந்து உட்காருகிறது. கட்டுரையில் ஒரு துறவி போகாத மடத்துக்குப் போய்விடுகிறார்.

காரணம் எளிது. தமிழில் ‘பூரி’ என்று எழுதப்படுவது ஒரே சொல் அல்ல. வெவ்வேறு மொழிகளிலிருந்து வந்த ஐந்தாறு சொற்கள் நம் எழுத்தில் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் ஒன்றுதான் நாம் கிழங்கோடு சாப்பிடுவது. அதற்குள்ளேயும் பல வகை உண்டு. ஆகையால் பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், அதன் பக்கத்தில் நிற்கும் சொல்லையும் அது எந்த ஊரில் சொல்லப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காததால் அடிக்கடி நேரும் தவறுகள் இவை.

ஊரையும் உணவையும் குழப்புவது

இந்தியில் உண்ணும் பூரிக்கு முதலெழுத்து நெடில். ஊரான புரிக்குக் குறில். ஊர்ப்பெயரில் இருப்பது நகரம் என்று பொருள்படும் ‘புரீ’ என்ற வடசொல். தருமபுரியிலும் புராணங்களில் வரும் அளகாபுரியிலும் இருப்பது அதே சொல்தான். புருஷோத்தம க்ஷேத்திரம் என்றும் ஜகந்நாதபுரி என்றும் அழைக்கப்பட்ட ஊர், பேச்சில் சுருங்கி வெறும் புரியாகி நின்றது. நகரம் என்ற பொதுப்பெயரே ஒரு நகரத்தின் சொந்தப் பெயராகிவிட்டது.

‘பூரி’ என்று எழுதுகிறவர்கள் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஒடியாப் பேச்சில் குறில் நெடில் வேறுபாடு தேய்ந்துவிட்டது. எழுத்தில் மட்டும் நிற்கிறது. உள்ளூர்க்காரர் வாயில் ஊரும் உணவும் கிட்டத்தட்ட ஒரே ஒலியில்தான் வரும். நமக்கோ குறில் நெடில் உயிர்நாடி. ஊருக்குப் புரி, உணவுக்குப் பூரி என்று வைத்துக்கொண்டால் தகராறே இல்லை.

இதன் நீட்சியாக இன்னொரு நம்பிக்கை: அந்த ஊரிலிருந்து வந்ததால்தான் பண்டத்துக்குப் பூரி என்று பெயர் என்பது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் ஜகந்நாதர் கோயில் மகாபிரசாதத்தில் முதலிடம் சோற்றுக்குத்தான். மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் சமைக்கும் சோறும் பருப்பும் காய்கறியும்தான் அங்கே விசேஷம். ஊருக்கு எடுத்துவர வேண்டுமென்றால் காஜா வாங்குவார்கள். மைதா மாவை அடுக்கடுக்காக மடித்துப் பொரித்து, பாகில் தோய்த்த இனிப்பு அது.

ஆன்மிகக் கட்டுரைகளில் வரும் பிழை இன்னும் நுட்பமானது. ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் தசநாமி மரபில் துறவிகளுக்குப் பத்துப் பட்டப்பெயர்கள் உண்டு. கிரி, பாரதி, சரஸ்வதி, தீர்த்தர் போல ‘புரி’யும் அவற்றில் ஒன்று. பெயர் கடைசியில் புரி என்று இருப்பதைப் பார்த்ததும், ‘புரி நகரத்து மடத்தைச் சேர்ந்தவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். மரபுக் கணக்கோ நேர்மாறாக இருக்கிறது. புரி நகரத்தில் உள்ள கோவர்த்தன மடத்துக்கு உரிய பட்டங்கள் வனம், ஆரண்யம் இரண்டும். புரி என்ற பட்டம் பாரதி, சரஸ்வதியோடு சேர்ந்து சிருங்கேரிக்கு உரியது. ராமகிருஷ்ணருக்கு அத்வைதம் உபதேசித்த தோதாபுரி இந்தப் பட்டம் பெற்றவர். வங்காள வைணவ மகான் சைதன்யருக்குக் கயையில் தீட்சை கொடுத்த ஈசுவர புரியும் அப்படியே. சைதன்யர் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததோ புரி நகரத்தில். குருவின் பெயரிலும் புரி, வாழ்ந்த ஊரும் புரி என்று வருவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றை வருவித்துவிடும் ஆசை யாருக்கும் வரும். கட்டுப்படுத்திக்கொள்வது நல்லது.

நடிகர்கள் ஓம் புரி, அம்ரீஷ் புரி பெயர்களில் இருப்பது பஞ்சாபிக் குடும்பப் பெயர். அவர்களுக்கும் ஒடிசாவுக்கும் ஒட்டுறவில்லை. பாலித் தீவில் ‘புரி’ என்றால் அரச குடும்பத்து மாளிகை, ‘புரா’ என்றால் கோயில். அங்கே தங்கும் விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் புரி என்று கண்டால் அரண்மனை என்று பெருமையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். காலைச் சிற்றுண்டியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நம் ஊரிலேயே வலம்புரிச் சங்கிலும் முப்புரி நூலிலும் உள்ள புரி, முறுக்கு என்ற பொருள் தரும் தமிழ்ச்சொல். அதை வடமொழி நகரத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

‘கோலாபுரி’யில் பூரி தேடுவது

சென்னையின் வடஇந்திய உணவகங்களில் ‘வெஜ் கோலாபுரி’ என்று கேட்டுவிட்டுப் பூரிக்காகக் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பட்டியலில் அதைக் ‘கோலாபூரி’ என்று அச்சிட்டிருந்தால் அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கோலாப்பூர் என்ற மராட்டிய ஊரின் பாணி என்பதே கோலாபுரி. காரமான குழம்பு வரும். தொட்டுக்கொள்ள ரொட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதே ஊர்ச் செருப்பும் கோலாபுரிதான்.

ஊர்ப்பெயர் ‘பூர்’ என்று முடிந்தால், அவ்வூருக்குரியது ‘புரி’ என்று முடியும். ஜோத்பூர் கோட்டு ஜோத்புரி, போஜ்பூர்ப் பக்கத்து மொழி போஜ்புரி. ‘போஜனமும் பூரியும் சேர்ந்தது போஜ்புரி’ என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்க ருசியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பொரிப்பதுதான் பூரி என்று நினைப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. எண்ணெயில் மிதக்கவிட்டு எடுப்பது என்ற பொருளே பெயரில் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். தமிழில் ‘பொரி’ என்ற வினை இருப்பதால், பொரி–பூரி என்று காதும் ஒத்துப்போய்விடுகிறது. ஆனால் பூரி வருவது ‘பூரிகா’ என்ற வடசொல் வழியாக. அதன் வேர் நிறைதல், நிறைத்தல். தமிழிலேயே அந்த வேரின் பிள்ளைகள் நம் வீட்டில் வளர்கிறார்கள். கொழுக்கட்டைக்குள் வைக்கும் பூரணம் ஒன்று. பேரப்பிள்ளையைப் பார்த்த பாட்டியின் முகத்தில் வரும் பூரிப்பு மற்றொன்று. இந்தியில் ‘பூரி’ என்றே முழுமையைக் குறிக்கும் பெண்பால் அடைமொழியும் உண்டு. ‘பூரி பாத்’ என்று ஒருவர் சொன்னால் முழு விஷயத்தையும் சொல்கிறார் என்று பொருள். சமையலைப் பற்றிப் பேசவில்லை.

உள்ளே ஏதோ நிறைந்திருப்பது. அதுதான் பெயரின் சாரம். நம் பூரியில் நிறைவது காற்று. சரியாகச் சொன்னால் நீராவி. வேறு ஊர்களில் அந்த இடத்தைப் பருப்பு நிரப்புகிறது. மராட்டியத்துப் பூரண் போளியை குஜராத்தில் ‘பூரண் பூரி’ என்றும் சொல்வார்கள். வெல்லமும் பருப்பும் அடைத்து, கல்லில் வாட்டி, நெய் தடவுவது. எண்ணெய்ச் சட்டி பக்கமே போகாத ஒன்றுக்குப் பூரி என்ற பெயர் எப்படி வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. பெயர் பூரணத்தைச் சொல்கிறது.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது கடல் கடந்த பூரி. 1834ஆம் ஆண்டு நவம்பரில் ‘அட்லஸ்’ என்ற கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் மொரீசியஸ் போய் இறங்கினார்கள். 1845ஆம் ஆண்டு மே மாதம் ‘ஃபத்தேல் ரசாக்’ கப்பல் டிரினிடாட் சேர்ந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இப்படிப் போனவர்களில் பெரும்பகுதியினர் போஜ்புரி பேசும் பீகார், கிழக்கு உத்தரப்பிரதேச மக்கள். தால் பூரியையும் தங்களோடு கொண்டுபோனார்கள். வேகவைத்து அரைத்த பருப்பை மாவுக்குள் வைத்து, மெல்லிசாகத் தேய்த்து, தவாவில் சுடுவது. இன்று மொரீசியஸ் தெருக்களில் இன வேறுபாடில்லாமல் எல்லோரும் வாங்கித் தின்னும் பண்டம் அந்தப் பருப்புப் பூரிதான். இரண்டிரண்டாகச் சேர்த்து, பெரிய அவரைக்கொட்டைக் குழம்பும் தக்காளித் தொக்கும் சட்னியும் வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் கொடுப்பார்கள். டிரினிடாடில் அதுவே இன்னும் அகலமாகி, கறியைப் பொதிந்து தின்னும் ரொட்டியாகிவிட்டது. உப்பலாக, பொன்னிறமாக வரும் என்று எதிர்பார்த்துப் போகும் தமிழருக்கு அங்கே கிடைப்பது துணி போல மிருதுவான மஞ்சள் போளி. ஏமாற்றுவேலை எதுவும் நடக்கவில்லை. பெயரின் பழைய பொருளுக்கு அவர்கள்தான் நம்மைக் காட்டிலும் நெருக்கம்.

பொரித்த மாவெல்லாம் பூரி என்று நினைப்பதும் இதன் மறுபக்கம்தான். வங்காளத்தில் மைதாவுக்கு நெய் விட்டுப் பிசைந்து, பொன்னிறமாகும் முன்பே வெள்ளையாக எடுப்பது லூச்சி. அதைப் பூரி என்று சொன்னால் வங்காளி நண்பர் முகம் வாடும். அங்கேயும் பூரி உண்டு; அது கோதுமை மாவில் செய்யும் வேறு பண்டம்.

சோளா பூரியில் சோளம் இல்லை, சோழரும் இல்லை

தமிழ்நாட்டு ஓட்டல்களில் பந்து அளவுக்கு ஊதிக்கொண்டு வரும் பெரிய பூரிக்குச் சோளா பூரி என்று பெயர். பலகைகளில் சோலா பூரி, சோளாப்பூரி, சோழா பூரி என்று விதவிதமாக எழுதியிருப்பார்கள். எழுத்துக்கு ஒரு கதை பிறந்திருக்கிறது. சோள மாவில் செய்வது என்கிறார் ஒருவர். சோழர் காலத்துப் பண்டம் என்பார் இன்னொருவர். சோலாப்பூரிலிருந்து வந்தது என்று மூன்றாமவர். சோலாப்பூர் உண்மையிலேயே சோளத்துக்குப் பேர்போன வட்டாரமாக இருப்பதால், முதல் கதைக்கும் மூன்றாவது கதைக்கும் ஒரே மேடையில் கல்யாணம் நடந்துவிடுகிறது!

உண்மை ஒரு கிண்ணத்தில் கூடவே வருகிறது. பஞ்சாபியரின் ‘சோலே பட்டூரா’வில் சோலே என்பது கொண்டைக்கடலை. வங்காளத்திலும் கடலைக்கு ‘சோலா’ என்றே பெயர். லூச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் கடலைப்பருப்பு அங்கே ‘சோலார் தால்’. கொண்டைக்கடலைக் குருமாவோடு வரும் பூரி என்பதால் அது சோளா பூரி. பட்டூரா என்ற பெயர் நம் வாயில் நிற்காமல் போக, தெரிந்த பூரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பெயர் மாறியதால் அடுக்களையில் ஒரு தொல்லை வந்திருக்கிறது. பூரிதானே என்று வழக்கமான கோதுமை மாவை அகலமாகத் தேய்த்துப் போட்டுவிட்டு, ஓட்டலில் வருவதுபோல் வரவில்லையே என்று வருந்துகிறார்கள். வராது. பட்டூரா மைதாவில் தயிர் சேர்த்து, சோடாவோ ஈஸ்டோ போட்டு, சில மணி நேரம் புளிக்கவிட்ட மாவு. அந்த இழுவைதான் அதைப் பந்தாக்குகிறது. பூரி மாவுக்குப் புளிப்பும் கிடையாது, காத்திருப்பும் கிடையாது.

இங்கே ஒரு பூரியைப் பக்கத்தில் நின்று பார்ப்பது பயனுள்ளது. மாவு சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழத் தயங்க வேண்டும். தேய்க்கும்போது உலர்ந்த மாவைத் தூவினால் அது எண்ணெய்க்குள் உதிர்ந்து, அடியில் கருகி, அடுத்தடுத்து வரும் பூரிகளில் ஒட்டும். அதனால் பலகையில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். சூடு 180 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது வட்டத்தைப் போட்டால், முதலில் முங்குகிறது. இரண்டு மூன்று நொடியில் மேலே வருகிறது. அதற்குள் மேல்தோலும் கீழ்த்தோலும் இறுகிவிட்டன. நடுவில் இருக்கும் ஈரம் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். போக வழியில்லாமல் தோலைத் தூக்குகிறது. ஜல்லிக்கரண்டியால் லேசாக அழுத்துவது, ஒரு பக்கம் தேங்கும் ஆவியை மறுபக்கத்துக்கும் தள்ளத்தான். ஓரம் தடித்து நடு மெலிந்த வட்டத்தில் ஆவி பொத்துக்கொண்டு போய்விடும். எண்ணெய் காயாமல் போட்டால் தோல் இறுகுவதற்குள் ஆவி மெல்லக் கசிந்துவிடும். அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ளும். நிறைதல் என்ற வேர்ச்சொல் வீணாகவில்லை. எதனால் நிறைகிறது என்பதில்தான் சமையல்காரரின் கைவரிசை.

பானி பூரிக்கும் இந்த மாவு உதவாது. அதற்கு ரவை வேண்டும். பொரித்து எடுத்த பிறகும் நொறுங்கும் தன்மை போகாமல், உப்பிய வடிவத்திலேயே விறைத்து நிற்க வேண்டும். தட்டில் அமுங்கிப்போனால் நம் பூரிக்குக் குற்றமில்லை. பானி பூரி அமுங்கினால் வேலை கெட்டது.

பூரி மசாலா வேறு, மசாலா பூரி வேறு

ஓசூரைத் தாண்டிவிட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நமக்குப் பூரி மசாலா என்றால் மஞ்சள் நிற உருளைக்கிழங்கு மசாலாவும் இரண்டோ மூன்றோ பூரியும். பெங்களூரில் மாலை வேளையில் தள்ளுவண்டிக்காரரிடம் ‘மசாலா பூரி’ என்று கேட்டால், அவர் சிறிய மொறுமொறு பூரிகளைத் தட்டில் வைத்து உள்ளங்கையால் நொறுக்குவார். அதன்மேல் கொதிக்கும் பட்டாணிக் குழம்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவார். வெங்காயம், துருவிய கேரட், கொத்தமல்லி, கடைசியாக ஒரு பிடி ஓமப்பொடி. கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டிய பண்டம். அருமையான பண்டமும்கூட. ஆனால் பசியோடு, கிழங்கை எதிர்பார்த்துக் கேட்டவருக்கு அது வேறு உலகம். குஜராத்தியர் வீட்டில் மசாலா பூரி என்றால் மூன்றாவது பொருள்: மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் ஓமமும் மாவிலேயே சேர்த்துப் பிசைந்து பொரித்தது. பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போவார்கள்.

கன்னட நாட்டில் இன்னொரு கண்ணியும் உண்டு. அங்கே குறிலோடு ‘புரி’ என்றால் பொரி. ‘கடலெ புரி’ என்று கூவிக்கொண்டு போனால் கடலை மாவுப் பூரி விற்கவில்லை, ஆயுத பூஜைக்கு நாம் வாங்கும் அதே பொரியைத்தான் விற்கிறார். நம் பொரியும் அவர்கள் புரியும் ஒரு தாய்ப்பிள்ளைகள்; இங்கே ஒகரம், அங்கே உகரம். கோதுமைப் பூரியை அவர்களும் நெடிலோடுதான் சொல்கிறார்கள். ஆக, பெங்களூரில் மளிகைப் பட்டியல் எழுதும்போது ஒரு கொம்பு நீண்டால் பை நிறையப் பொரிக்குப் பதிலாக வேறொன்று வரும்.

பேல் பூரி இந்தக் குழப்பத்தின் உச்சம். மும்பையில் பிறந்த அந்தக் கலவையில் முக்கால்வாசி பொரிதான். ஆகவே பூரி என்பது பொரியின் திரிபு என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். பேல் என்பது கலவை. பூரி என்பது அதில் நொறுக்கிப் போடும் தட்டையான மொறுமொறு வட்டங்கள். சேவ் பூரியிலும் அந்தத் தட்டைப் பூரிதான் அடியில் இருக்கும். உப்பாத பூரிக்கு இவை இரண்டும் சாட்சி. உப்பிவிடக் கூடாது என்று முள்கரண்டியால் குத்தியே பொரிக்கிறார்கள்.

பானி பூரிக்கோ ஊருக்கு ஒரு பெயர். தில்லியில் கோல்கப்பா, கொல்கத்தாவில் புச்கா, ஒடிசாவில் குப்சுப், உத்தரப்பிரதேசத்தின் சில ஊர்களில் பத்தாஷா. எல்லாம் ஒன்றே என்று கொல்கத்தாவில் வாய்திறக்க வேண்டாம். புளித்தண்ணீரும் உள்ளே வைக்கும் கிழங்கு மசாலாவும் வேறு என்று நீண்ட பாடம் நடக்கும். திரௌபதி கண்டுபிடித்ததுதான் பானி பூரி என்று இணையத்தில் சுற்றும் கதையையும் பகிராமல் இருக்கலாம். மகாபாரதத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்தக் கதையில் மாமியார் குந்தி கொடுத்ததாகச் சொல்லப்படும் உருளைக்கிழங்கு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக இந்தியா வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. பச்சை மிளகாயும் அப்படியே.

எங்கும் காலைச் சிற்றுண்டி என்று எண்ணுவது

நமக்குப் பூரி என்றால் ஞாயிற்றுக்கிழமைக் காலை. வடக்கே அது விருந்தோடும் வழிபாட்டோடும் பயணத்தோடும் சேர்ந்தது. அங்கே பழைய வழக்கத்தில் உணவை இரண்டாகப் பிரித்தார்கள்: நீரில் வெந்ததும் தீயில் சுட்டதும் ‘கச்சா’, நெய்யில் பொரித்தது ‘பக்கா’. கச்சா உணவைத் தம் அடுக்களைக்கு வெளியே, பிற சாதியார் கையில் வாங்கமாட்டார்கள். பக்கா உணவுக்கு அந்தக் கட்டுப்பாடு தளரும். கல்யாணப் பந்தியிலும் ரயில் பயணத்திலும் பூரிக்கு இருக்கும் மதிப்பு நெய்யின் ருசியால் மட்டும் வந்ததல்ல, சாதியின் கணக்கும் அதில் கலந்திருக்கிறது. பயணத்தில் சீக்கிரம் கெடாது என்ற வசதியும் சேர்ந்துகொண்டது. நவராத்திரியின் எட்டாம் நாளில் சிறுமிகளை உட்காரவைத்துப் பூரி, கறுப்புக் கொண்டைக்கடலை, ரவைக் கேசரி மூன்றையும் பரிமாறுவது பஞ்சாப், தில்லி வீடுகளில் வழக்கம். லாகூரிலும் கராச்சியிலும் ஹல்வா பூரி என்றால் விடுமுறைக் காலை விருந்து. அந்த வகையில் அவர்கள் நமக்கு நெருக்கம்.

அதே நவராத்திரியில் ‘குட்டு கீ பூரி’ என்று பட்டியலில் கண்டால், குட்டிப் பூரி என்றோ கூட்டோடு வரும் பூரி என்றோ நினைத்துவிட வேண்டாம். குட்டு ஒரு செடியின் விதை. தானியம் தவிர்க்கும் விரத நாளில், தானிய வகையில் சேராத அந்த விதையின் மாவில் பூரி செய்கிறார்கள். பசைத்தன்மை இல்லாத மாவு என்பதால் வேகவைத்த உருளைக்கிழங்கைச் சேர்த்துப் பிசைவார்கள். நிறம் கறுக்கும். கருகிவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது.

பழந்தமிழில் பூரியைக் கண்டு மகிழ்வது

திருக்குறளின் 241ஆம் பாடலில் ‘பொருட்செல்வம் பூரியார் கண்ணும் உள’ என்று வருகிறது. வகுப்பில் இதைப் படிக்கும்போது பின்வரிசையில் சிரிப்பு எழாத பள்ளி அநேகமாக இருக்காது. சிரிப்பு இருக்கட்டும். அதையே ஆதாரமாக வைத்து, வள்ளுவர் காலத்திலேயே தமிழர் பூரி தின்றார்கள் என்று எழுதுவது வேறு. பூரியார் என்றால் இழிந்தவர், கீழ்மக்கள். 919ஆம் குறளில் வரும் பூரியர்களும் அவர்களே. பண்டத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் எழுத்து ஒற்றுமை மட்டுமே.

இன்னொன்று தமிழ் எழுத்தின் இயல்பால் வருவது. வடமொழியில் ‘ப’வின் நான்கு ஒலிகளுக்கும் நமக்கு ஓர் எழுத்துதான். மிகுதி என்று பொருள்படும் வேறொரு வடசொல்லும் தமிழில் பூரி என்றே வந்து விழுகிறது. சடங்கு முடிவில் கூடியிருக்கும் எல்லோருக்கும் கொடுக்கும் ‘பூரி தட்சிணை’யில் உள்ளது அது. கௌரவர் பக்கம் நின்று சாத்யகி கையால் மடிந்த பூரிசிரவசின் பெயரிலும் அதுவே. மிகுந்த புகழுடையவன் என்று பொருள். அவனுடைய சகோதரன் பெயரே வெறும் பூரி. பாரத மொழிபெயர்ப்பில் அந்தப் பெயரை முதன்முறை காண்பவர்கள் ஒரு கணம் திகைப்பது இயற்கைதான்.

தக்காளி பூரி

கடைசியாக, சமையல் குறிப்புகளைத் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு. ‘ஒரு கப் தக்காளி பூரி சேர்க்கவும்’ என்று எழுதினால், புதிதாகச் சமைக்கப் பழகும் பிள்ளை என்ன செய்யும்? பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்த அந்தச் சொல் ‘பியூரி’. அரைத்து வடிகட்டிய கூழ் என்று பொருள். தக்காளிச் சாற்றை ஊற்றி மாவு பிசைந்து பொரிக்கும் தக்காளி பூரியும் தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கிறது. கீரைப் பூரி, பீட்ரூட் பூரி போல. அதனால் இங்கே சூழ்நிலையை வைத்துக்கூடத் தப்பிக்க முடியாது. பியூரி என்று எழுதலாம். அதைவிட ‘அரைத்த தக்காளி விழுது’ என்று எழுதிவிட்டால் யாரும் எண்ணெய்ச் சட்டியைத் தேட மாட்டார்கள்.